வரகன் சொன்ன இரண்டு பொய்கள்

ஒரு பெரிய கிணற்றின் மேல் சாய்ந்து நின்ற பனைமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாக வாழ்ந்தன. அவற்றில் மூன்று குருவிகள் இணைபிரியாத நண்பர்கள். வரகனும் தினையனும் ஆண் குருவிகள். சாமை பெண் குருவி.

மூவரும் ஒரே மழைக்காலத்தில் முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்தவர்கள். ஒன்றாகவே பறக்கக் கற்றார்கள். ஒரே வயலில் மேய்ந்தார்கள். தினையன் ஓயாமல் பேசுவான். சாமைக்குக் கண் கூர்மை. பருந்தின் நிழல் தரையில் விழுந்தால் முதலில் கத்துவது அவள்தான். வரகன் கூச்சக்காரன். அந்தி சாய்ந்து மூவரும் கருவேலங்கிளையில் அடையும்போது, தினையனின் இறக்கையோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் அவனுக்குக் கண் மூடும்.

அவர்கள் வளர்ந்து ஆளான பிறகு ஒரு மழைக்காலம் வந்தது. ஆண் குருவிகளின் தலையில் மஞ்சள் ஏறத் தொடங்கியது. அது கூடு கட்டும் பருவத்தின் அடையாளம்.

தினையன் கிணற்றுத் தண்ணீரில் தன்னைப் பார்த்துவிட்டுத் துள்ளினான்.

"டேய் வரகா! என் தலையைப் பாரேன்! எப்படி இருக்கு?"

வரகன் பார்த்தான். அவனால் கண்ணை எடுக்க முடியவில்லை. காலை வெயில் அப்படியே வந்து தினையனின் தலையில் உட்கார்ந்துவிட்டது போலிருந்தது.

"பரவாயில்லை" என்றான்.

"வெறும் பரவாயில்லையா? சாமைக்குப் பிடிக்குமாடா?"

வரகனின் நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருந்தது. ஏன் தைத்தது என்று அவனுக்கே புரியவில்லை.

மறுநாளே தினையன் கூடு கட்ட ஆரம்பித்தான். நெல் தாளை நாராகக் கிழித்துக்கொண்டு வந்தான். பனையோலையில் முடிச்சுப் போட்டான். வாய் மட்டும் ஓயவில்லை.

"சாமைக்குக் காற்று பிடிக்கும், இல்லையா? சாமை உயரத்தில் இருப்பாளா, தாழ்வாக இருப்பாளா? சாமை நேற்று என்னைப் பார்த்துச் சிரித்தாளே, நீ கவனித்தாயா?"

கேட்கக் கேட்க வரகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமையின் குரல் கேட்டாலே எரிச்சலாக இருந்தது. நேற்றுவரை உயிர்த் தோழியாக இருந்தவளின் நடையும் சிரிப்பும் இன்று பிடிக்காமல் போயின.

'எனக்கு ஏன் இப்படி எரிகிறது?' என்று யோசித்தான். பனைமரத்தில் பெண் குருவிக்காகச் சண்டை போட்டுக்கொள்ளும் ஆண் குருவிகளை அவன் பார்த்திருக்கிறான். அவர்களுக்கும் இப்படித்தான் எரியும். வேறு காரணத்துக்காக எரிந்து அவன் பார்த்ததில்லை.

'அப்படியானால் நானும் சாமையைத்தான் விரும்புகிறேன்!' என்று முடிவு கட்டினான். உடனே எதிர் ஓலையில் தானும் ஒரு கூடு கட்டத் தொடங்கினான்.

சில நாட்களில் இரண்டு கூடுகளும் கவிழ்த்த தொப்பி போலப் பாதி உருவாகிவிட்டன. பாதிக் கூட்டை வந்து சோதித்துப் பார்ப்பது பெண் குருவிகளின் வழக்கம். பிடித்திருந்தால்தான் மீதிக் கூடு.

சாமை நேராகத் தினையனின் கூட்டுக்குப் போனாள். தொங்கிப் பார்த்தாள். முடிச்சுகளை அலகால் இழுத்துப் பார்த்தாள். காற்றில் ஆடாமலிருக்க உள்ளே அப்பியிருந்த களிமண்ணைக் குத்திப் பார்த்தாள்.

"முடிச்சு நல்லா இருக்கு! களிமண்தான் ரொம்பக் கனம். இவ்வளவா அப்புவாய்?"

"உனக்காகத்தான்!" என்றான் தினையன். இருவரும் சிரித்தார்கள்.

எதிர் ஓலையில் உட்கார்ந்திருந்த வரகனின் வாயிலிருந்த நார் நழுவிக் கீழே விழுந்தது. அவன் அதை எடுக்கப் போகவில்லை.

அன்று மாலை வாய்க்காலில் சாமை குளித்துக்கொண்டிருந்தாள். வரகன் அவள் பக்கத்தில் போய் இறங்கினான்.

"சாமை! தினையன் உன்னைப் பற்றி என்ன சொன்னான், தெரியுமா?"

"என்ன சொன்னான்?"

"'சாமை வந்தாலும் சரி, வேறு எவள் வந்தாலும் சரி. என் கூடு காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்' என்றான்."

சாமை இறகை உதறுவதை நிறுத்தினாள். ஈர இறகோடே பறந்து போனாள்.

ஒரு பொய் சொன்னவனுக்கு அடுத்த பொய் சுலபமாக வந்தது. வரகன் தினையனிடம் போனான்.

"உன்னிடம் சொல்லவே கஷ்டமாக இருக்குடா. உன் கூடு காய்ந்த பீர்க்கங்காய் தொங்குகிற மாதிரி இருக்கிறதாம். சாமை எல்லாப் பெண் குருவிகளிடமும் சொல்லிச் சிரித்தாள்!"

"சாமையா? என் முகத்துக்கு நேரே நல்லா இருக்கு என்றாளே!"

"முகத்துக்கு நேரே யார்தான் சொல்வார்கள்?"

தினையன் அன்று முதல்முறையாகப் பேச்சை நிறுத்தினான். போய் அவளிடமே கேட்டிருக்கலாம். ரோஷம் விடவில்லை. சாமைக்கும் அப்படித்தான்.

மறுநாள் காலையில் சாமை விருட்டென்று பறந்து வந்து வரகனின் கூட்டுக்குள் நுழைந்தாள்.

"உன் கூடே எனக்குப் போதும், வரகா! மீதியைக் கட்டு!" என்றாள். பக்கத்து ஓலைகளுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

வரகன் ஜெயித்துவிட்டான்! இப்போது அவன் இறக்கையைச் சிலிர்த்துக்கொண்டு பாட வேண்டும். அதுதான் முறை. அலகைத் திறந்தான். பாட்டு வரவில்லை. மகிழ்ச்சியை நெஞ்சுக்குள் தேடினான். அதுவும் இல்லை. அவன் கண் எதிர் ஓலையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்த தினையனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வரகா! நான் உன் கூட்டுக்குள் நிற்கிறேன்!" என்றாள் சாமை.

"ஆமாம்."

"நீ எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறாய்?"

வரகன் சட்டென்று கண்ணைத் திருப்பினான்.

சாமையின் கூர்மையான கண் அவன் முகத்தில் நிலைத்தது. "நேற்றும் இப்படித்தான். நான் தினையனின் கூட்டில் இருந்தபோது நீ என்னைப் பார்க்கவே இல்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்."

வரகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம்! சாமை வேறொரு குருவியோடு போயிருந்தால் அவனே சந்தோஷமாக நார் சுமந்து கொடுத்திருப்பான். ஆனால் தினையனின் கூட்டில் சாமை இல்லாமல் வேறு எவள் வந்து நின்றிருந்தாலும் அவனுக்கு இதே போல எரிந்திருக்கும். அவன் நெஞ்சு கேட்டது சாமையை அல்ல. தினையனை.

அதற்குள் எதிர் ஓலையிலிருந்து ஒரு கத்தல் கேட்டது.

"காய்ந்த பீர்க்கங்காய் யாருக்கு வேண்டும்!"

தினையன் ஆத்திரத்தோடு தன் கூட்டின் முடிச்சை அறுத்துக்கொண்டிருந்தான். ஒரு நார் அவன் காலைச் சுற்றியிருந்ததை அவன் கவனிக்கவில்லை. முடிச்சு அறுந்தது. கூடு அவனையும் இழுத்துக்கொண்டு கிணற்றுக்குள் விழுந்தது!

கூடு கொஞ்ச நேரம் மிதந்தது. பிறகு களிமண்ணின் கனத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தினையன் இறக்கையை அடித்தான். இறக்கை நனைந்து கனத்தது.

வரகனும் சாமையும் ஒரே பாய்ச்சலில் கிணற்றுக்குள் இறங்கினார்கள். கிணற்றுச் சுவரில் தண்ணீரை ஒட்டி ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தது. கூடு அதை உரசியபடி நின்றது. வரகன் கல்லில் காலை ஊன்றி, தினையனின் தலை இறகை அலகால் கவ்வித் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தான்.

"விடாதே, வரகா! நான் நாரைக் கடிக்கிறேன்!" என்று சாமை கத்தினாள். கடித்தாள். நார் அறவில்லை. "பாவி, எவ்வளவு நல்லா முறுக்கியிருக்கிறான்!"

தினையன் தண்ணீரைத் துப்பினான். "நல்லா முறுக்கினேனா? காய்ந்த பீர்க்கங்காய் என்றாயே!"

"நானா? எப்போது சொன்னேன்? நீதான் வேறு எவள் வந்தாலும் சரி என்று சொன்னாய்!"

"நானா? யாரிடம்?"

இருவரும் ஒரே நேரத்தில் வரகனைப் பார்த்தார்கள்.

வரகனால் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் தினையனின் தலை தண்ணீருக்குள் போய்விடும். பொய் சொன்ன அந்த அலகை இறுக்கமாக மூடிக்கொண்டு, இருவரின் பார்வையையும் தாங்கிக்கொண்டு நின்றான். அவன் கண்ணிலிருந்து வழிந்த நீர் கிணற்றில் சொட்டியது.

கடைசியில் நார் அறுந்தது. மூவரும் கல்லின் மேல் ஏறினார்கள். கூடு மெல்ல முழுகிப் போயிற்று.

"இரண்டும் நான் சொன்ன பொய்" என்றான் வரகன்.

"ஏண்டா? உனக்கும் சாமை வேண்டுமென்றால் என்னிடமே சொல்லியிருக்கலாமே!"

"எனக்குச் சாமை வேண்டாம்."

"பிறகு எதற்குடா இதெல்லாம்?"

வரகன் தன் கால்களைப் பார்த்தபடி பேசினான். "உன் பக்கத்தில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்று இருந்தது. உன் தலையில் மஞ்சள் ஏறிய நாளிலிருந்தே இப்படித்தான். அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்குத்தான் தெரிந்தது."

சாமை திரும்பி உட்கார்ந்து தன் இறகைக் கோதத் தொடங்கினாள். கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாள்.

தினையன் நனைந்த இறக்கையை விரித்து உலர்த்தினான்.

"இதை நீ என்னிடம் சொல்லியிருந்தால் நான் சிரித்திருக்க மாட்டேன்" என்றான் பிறகு. "என் மனசு சாமையிடம் இருக்கிறது என்று நானும் நேராகச் சொல்லியிருப்பேன். உனக்கு வலித்திருக்கும். இருந்தாலும் நாம் நண்பர்களாக இருந்திருப்போம். அந்தப் பொய்களை நினைத்தால்தான் உன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை!"

அவன் தட்டுத் தடுமாறிப் பறந்து போனான். சாமையும் போனாள்.

வரகன் தன் கூட்டைக் கட்டி முடிக்கவில்லை. மறுநாள் காலையில் வயலுக்குப் போய், பச்சை நாராகப் பார்த்துக் கிழித்துக்கொண்டு வந்து தினையனின் ஓலையில் வைத்தான். தினையன் அதை அலகால் தள்ளிக் கிணற்றில் போட்டான். வரகன் மறுநாளும் வைத்தான். அதுவும் கிணற்றில் விழுந்தது. நான்கு நாள் நார்கள் தண்ணீரில் மிதந்தன.

மழை வலுத்தது. நார் இறுக்கியதில் தினையனின் கால் வீங்கியிருந்தது. அவனால் வயலுக்கும் மரத்துக்கும் அலைய முடியவில்லை. புதுக் கூட்டுக்குச் சாமை ஒருத்தியால் நார் கொண்டுவந்து தீரவில்லை. ஐந்தாம் நாள் வரகன் நாரை வைத்துவிட்டுத் திரும்பியபோது பின்னாலிருந்து தினையனின் குரல் வந்தது.

"இது ரொம்ப அகலம்! இன்னும் மெல்லிசாகக் கிழி!"

வரகன் வயலை நோக்கி எவ்வளவு வேகமாகப் பறக்க முடியுமோ அவ்வளவு வேகமாகப் பறந்தான்.

புதுக் கூடு எழுந்தது. சாமை முட்டையிட்டாள். குஞ்சுகள் வந்தன. வரகனின் ஏக்கம் ஒரே நாளில் போய்விடவில்லை. சில நாள் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரிப்பதைக் கேட்டால் பழையபடி எரியும். அப்போதெல்லாம் அவன் வயலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அவர்கள் கூட்டின் வாசலில் உட்கார்ந்து உரக்கச் சொல்லிவிடுவான்.

"இன்றைக்கு எனக்குப் பொறாமையாக இருக்கிறது!"

"சரி, இருக்கட்டும்!" என்று உள்ளிருந்து சாமை பதில் கொடுப்பாள். "அதற்காகச் சும்மா உட்காராதே. நாலு வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டு வா. பிள்ளைகள் பசியில் கத்துகின்றன!"

தன் மனம் யாரைத் தேடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் பொறாமையின் பேச்சைக் கேட்டு நடப்பவன், யாரை இழக்க அஞ்சுகிறானோ அவரையே முதலில் காயப்படுத்துவான்.