முதுகுக்கு நாற்பத்து மூன்று பொருள்

தாமிரபரணிப் படித்துறை ஒன்றின் பக்கத்தில் ஒரு சாமியார் இருந்தார். வயது நாற்பதுதான். துறைச்சாமி என்பார்கள். அவருடைய சீடர் அம்பலவாணன் ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார், குருவைவிட இருபத்தைந்து வயது பெரியவர். சந்தேகம் கேட்க வயது ஒரு தடையா என்ன?

அன்று காலை அம்பலவாணன் ஒரு பை நிறையக் காகிதத்தோடு வந்தார். பதின்மூன்று வருஷமாக அவர் எழுதிய ஆங்கில அகராதி. மறுநாள் அச்சுக்குப் போகவேண்டும்.

"'பேக்'னு ஒரு வார்த்தை, சாமி. அதுக்கு மட்டும் நாப்பத்தி மூணு பொருள் பிடிச்சிருக்கேன். முதுகு, பின்பக்கம், நாற்காலிச் சாய்மானம், திரும்பி வாறது, பின்வாங்குறது, ஒருத்தருக்குத் துணையா நிக்கிறது..."

"அடேயப்பா! ஒரு முதுகு இவ்வளவையுமா சுமக்குது? பிறகு ஏன் சார்வாள் முகம் தொங்கிப் போய்க் கிடக்கு?"

அம்பலவாணன் முதல் பக்கத்தை எடுத்து நீட்டினார். முன்னுரையின் கடைசி வரி இப்படி இருந்தது: 'எவர் துணையுமின்றித் தனியொருவனாக இப்பணியை முடித்தேன்.'

"என் வீட்டுக்காரி கோமு இதைப் படிச்சா. நல்லாயிருக்குன்னு சொன்னா. அன்னைக்கே கல்லிடைக்குறிச்சிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. நாலு நாளாச்சு. போன் போட்டா எடுக்க மாட்டேங்கா. ஒரு வரிக்காக முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தை விட்டுட்டுப் போவாளா, சாமி? அவளுக்கு இங்கிலீஷே தெரியாது. இதுல அவ என்ன செஞ்சா?"

சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாங்க, குளிச்சிட்டுப் பேசுவோம்."

தண்ணீரில் இறங்கியதும் சாமி ஒரு பீர்க்கங்கூட்டை அவர் கையில் கொடுத்தார்.

"முதுகைத் தேய்ங்க."

"உங்களுக்கா?"

"உங்களுக்குத்தான். தனியொருவனா."

அம்பலவாணன் வலது கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோனார். இடது கையை இடுப்பு வழியாக வளைத்தார். அறுபத்தைந்து வயது எலும்பு அதற்குமேல் வளைய மறுத்தது. நாற்பத்து மூன்று பொருள் பிடித்த மனிதருக்கு நடுமுதுகில் ஒரு சாண் இடம் பிடிபடவில்லை. சாமி முங்கி எழுந்துகொண்டிருந்தார்.

பக்கத்துப் படியில் நின்ற பால்காரருக்குத்தான் பொறுக்கவில்லை.

"இங்க குடுங்கய்யா. திரும்புங்க."

அழுத்தித் தேய்த்தார்.

"என்னய்யா, அழுக்கு திரிதிரியா வருது! முதுகு தேய்ச்சு எத்தனை நாளாச்சு?"

"நாலு நாள்."

யோசிக்காமல் வந்த பதில். சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

பால்காரர் ஒரு சொம்புத் தண்ணீரை முதுகில் ஊற்றிவிட்டு, நன்றிக்குக்கூட நிற்காமல் படியேறிப் போனார். அம்பலவாணன் இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றார்.

அகராதிச் சீட்டுகளை நறுக்கியது யார்? இங்கிலீஷ் தெரியாவிட்டாலும், எழுத்தின் உருவத்தைப் பார்த்துப் பார்த்துப் பிஸ்கட் டப்பாக்களில் வரிசையாக அடுக்கியது யார்? கூரை ஒழுகிய ராத்திரி டப்பாக்களுக்குப் போர்வையைப் போர்த்திவிட்டு வெறுந்தரையில் படுத்தது யார்? இத்தனையும் செய்தவளை நினைத்து நினைத்து நன்றியோடு அழுதார். ஆற்றில் நின்று அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது.

"அந்த வரியை அடிச்சிருதேன், சாமி. அவ பேரை முதல் பக்கத்துல போடுதேன். இப்பவே பஸ் ஏறுதேன். ஆனா, போய் என்ன சொல்லிக்கிட்டு அவ முன்னால நிக்க?"

சாமி தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்:

"நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம், சார்வாள். இத்தனை வருஷமா அவங்க முதுகை யாரு தேய்ச்சு விட்டான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க."