வாசலில் தொங்கிய பாம்புச் சட்டை

மலைக்குகை ஒன்றில் ஒரு கீரி காட்சிச்சாலை வைத்திருந்தது. யானையின் உதிர்ந்த பல், இருவாச்சியின் இறகு, மீன் உருவம் பதிந்த கல் என்று அது தேடித் தேடிச் சேர்த்தவை ஏராளம். வாசலில் நல்லபாம்பின் சட்டை ஒன்று நீளமாகத் தொங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கீரிக்குப் பெருமை தாங்காது.

ஆனால் கூட்டம்தான் வரவில்லை. குகையின் மேல் கரடிக்கு ஒரு கண். மழை தொடங்குவதற்குள் கூட்டம் சேராவிட்டால் குகை கரடிக்கே என்று விலங்குகள் கூடி முடிவு செய்துவிட்டன.

கீரி சோர்ந்துபோகவில்லை. அடுத்த காட்சியை அசத்தலாக வைத்துவிடலாம் என்று துள்ளியது. பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கருத்துக் கேட்டது. மயில் தோகைகளை இன்னும் நிறைய வைக்கலாம் என்றது மயில். பழங்கள் வைக்கச் சொன்னது குரங்கு. எல்லாமே பிரமாதம் என்றது நரி. அவர்கள் சொன்னபடியெல்லாம் கீரி செய்தது. பழங்களைக் குரங்கே தின்று தீர்த்தது. கூட்டம் மட்டும் கூடவில்லை.

ஒருநாள் காலையில் ஒரு முயல் தன் குட்டியோடு வந்தது. வாசலில் மோப்பம் பிடித்தது. சட்டென்று திரும்பி ஓடியது. கீரி பின்னாலேயே ஓடிப்போய்க் காரணம் கேட்டது.

முயல் தயங்கியது. "கோபப்படக் கூடாது அண்ணே. அந்தச் சட்டையின் வாடை பட்டாலே எங்களுக்கு உடம்பு நடுங்குகிறது. பாம்பு உங்களுக்கு விளையாட்டு, எங்களுக்கு எமன்."

"அப்படியானால் உங்களுக்கு எதைப் பார்க்க ஆசை?"

குட்டி முந்திக்கொண்டது. "மலையில் மீன் இருக்கிறதாமே! அதைத் தொட்டுப் பார்க்கலாமா?"

கீரிக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. தவளை, எலி, கௌதாரி என்று இதுவரை உள்ளே வராதவர்களை எல்லாம் தேடிப்போய்க் கேட்டது. சட்டையைக் கண்டால் பயம், மீனைப் பார்க்க ஆசை என்று எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். ஆசையாய்த் தொங்கவிட்ட சட்டையைக் கழற்றும்போது மனசு வலித்தது. ஆனாலும் அதைச் சுருட்டிக் கடைசிப் பொந்தில் வைத்து, கல்லால் மூடியது. மீன் கல்லை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தது.

செய்தி காடெங்கும் பரவியது. வரிசை அடிவாரம் வரை நீண்டது. தூறல் விழுந்த அன்று குகையைக் கேட்டு வந்த கரடியும் தவளைகளுக்குப் பின்னால் நிற்க வேண்டியதாயிற்று. முறை வந்ததும் கல்லைத் தடவிப் பார்த்தது.

"இந்த மீன் எப்படி மலை ஏறியது?"

"அதுதான் எனக்கும் தெரியவில்லை. உள்ளே வாருங்கள், சேர்ந்து யோசிப்போம்" என்றது கீரி.

கரடி குகையைக் கேட்கவே மறந்துபோனது.

வந்து பாராட்டியவர்களை மட்டுமல்ல, வாசலோடு திரும்பிப் போனவர்களையும் கேட்பவருக்கே தன் குறை தெரியும்.