மணி கட்டிக்கொள்ளாத பனிமான்

ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார் என்று ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான். என்ன செய்ய, இந்தக் கதை நடந்த ஊரில் ராஜாவே கிடையாது! வடக்கே, வடக்கே, இன்னும் வடக்கே போனால் மரங்கள்கூட "போதுமப்பா இந்தக் குளிர்" என்று நின்றுவிடும். அதையும் தாண்டினால் அந்த ஊர். பத்துத் தோல் கூடாரம், ஒரு ஏரி, அவ்வளவுதான். கோடையில் அங்கே சூரியன் படுக்கவே படுக்காது. குளிர்காலத்தில் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

அந்த ஊரில் அய்லு என்று ஒருவன் இருநூறு பனிமான்களை மேய்த்துவந்தான். அவன் மனைவி ரிஸ்தின். அவர்களுக்கு இங்கா என்று ஆறு மாதப் பெண் குழந்தை.

பனிமானிடம் ஒரு விசேஷம் உண்டு, கேளுங்கள். நடக்கும்போது அதன் காலில் ஒரு நரம்பு எலும்பின்மேல் சுண்டும். டிக், டிக் என்று சின்னதாகச் சத்தம் வரும். கண் தெரியாத பனிமூட்டத்திலும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் குட்டி தாயின் பின்னால் போகும். அதனால் ஒரு மந்தைக்கு ஒரே ஒரு மணி, அதுவும் முன்னால் போகும் மானுக்கு மட்டும் என்பது அந்த ஊர் வழக்கம்.

அய்லுவுக்கு அது போதவில்லை. கடற்கரைக்கு வந்த வியாபாரியிடம் தோலைக் கொடுத்துப் பித்தளை மணிகள் வாங்கினான். முதல் வருஷம் கிடாக்களுக்குக் கட்டினான். அடுத்த வருஷம் பெட்டைகளுக்குக் கட்டினான். மூன்றாம் வருஷம் குட்டிகளையும் விடவில்லை. தன் இடுப்பிலும் பெரிதாக ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டான். மூன்று மலைக்கு அந்தப் பக்கமும் கேட்டது. "அய்லு வர்றான்டோய்!" என்று ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

சாம்பல்மூக்கி என்ற கிழட்டுப் பெட்டை ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. மூன்று தடவை கட்டினான். மூன்று தடவையும் கழுத்தை உதறிப் பாறையில் தேய்த்து அறுத்துவிட்டது.

"கெட்ட கேட்டுக்கு உனக்கு ரோஷம் வேறயா? போ, மூட்டை சும!" என்று அய்லு சிரித்தான்.

"மானோட கால் சத்தமே கேட்க மாட்டேங்குதுங்க," என்றாள் ரிஸ்தின்.

"அதைக் கேட்டு என்ன பண்ணப்போறே?" என்றான் அவன்.

முதல் பனி விழுந்தது. மந்தையைக் குளிர்கால மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சாம்பல்மூக்கியின் ஒரு பக்கம் சட்டி மூட்டை. மறுபக்கம் மரத்தொட்டில், அதற்குள் ரோமப் போர்வைக்குள் இங்கா. அந்த ஊர்க் குழந்தைகள் அப்படித்தான் ஊர் மாறும். சூரியன் மலையோரமாகச் சோம்பலாக நகர்ந்தது. பனி இளஞ்சிவப்பாக இருந்தது. நடக்கிறோமா, தூங்குகிறோமா என்று அய்லுவுக்கே தெரியவில்லை.

ஏரிப் பக்கம் வரும்போது பனிமூட்டம் எழுந்தது. வானமும் தரையும் ஒரே வெள்ளை. குட்டிகள் தாயின் கால் சத்தத்தைத் தேடின. எங்கே கேட்கும்? எல்லாப் பக்கமும் மணி! மிரண்டு ஓடின. தாய்களும் ஓடின. அந்த நெரிசலில் ரிஸ்தின் கையிலிருந்த கயிறு நழுவியது. சாம்பல்மூக்கியைக் காணோம். தொட்டிலையும் காணோம்.

பக்கத்தில் ஏரி. அதன்மேல் பாலாடை மாதிரி மெல்லிசாகப் பனிக்கட்டி. குழந்தையோடு அந்த மான் அதில் கால் வைத்தால்? அய்லு இடுப்பு மணியைக் கையில் பிடித்துக்கொண்டான்.

இடது பக்கம் ஓடி மணியை ஆட்டினான். மந்தை மிரண்டது. வலது பக்கம் ஓடி ஆட்டினான். இன்னும் மிரண்டது. நேரே ஓடி, "இங்கா! இங்கா!" என்று கத்திக்கொண்டே ஆட்டினான். நூற்றுத் தொண்ணூற்றொன்பது மணிகளும் அவனைச் சுற்றிச் சுற்றி அலறின.

ரிஸ்தின் பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள். "ஐயோ, நிறுத்துங்க! இந்தச் சத்தத்துல பிள்ளை அழுதாக்கூட நமக்குக் கேட்குமா?"

ஓடு, ஓடு என்றது அவன் மனசு. பெற்ற பிள்ளை எங்கேயோ கிடக்கச் சும்மா உட்காருவதா? ஆனாலும் அவன் இடுப்பு மணியை அவிழ்த்துப் பனிக்குள் புதைத்தான். மண்டியிட்டு உட்கார்ந்தான். கண்ணீர் தாடியில் உறைந்தது.

விரட்ட ஆள் இல்லாததால் மான்கள் நின்றன. ஒரு மணி ஓய்ந்தது. பத்து ஓய்ந்தன. எல்லாம் ஓய்ந்தன. அவன் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை.

டிக்.

மூச்சை அடக்கினான்.

டிக், டிக்.

ஏரிப் பக்கமிருந்துதான் வந்தது. அவன் தவழ்ந்தே போனான். கரையோரம், பனிக்கட்டிக்கு ஒரு முழம் முன்னால், சாம்பல்மூக்கி நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தது. தொட்டிலில் இங்கா விரலைச் சப்பிக்கொண்டு தூங்கினாள்.

அய்லு அந்தக் கிழட்டு மானின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். "உன்னைத் திட்டினேனே, தாயே!" என்றான்.

பனிமூட்டம் விலகியதும் ஒவ்வொரு மானாகப் பிடித்து மணியை அவிழ்த்தான். முன்னால் போகும் மானுக்கு மட்டும் ஒன்றை விட்டுவைத்தான். இன்னொன்று இங்காவுக்குக் கிலுகிலுப்பை ஆனது. மற்றதெல்லாம் ஏரியின் அடியில் கிடக்கிறது. அய்லுவின் மந்தை அதற்கப்புறம் எந்த மலையைத் தாண்டினாலும் யாருக்கும் தெரியாது, அவன் மட்டும் டிக், டிக் என்று கேட்டுக்கொண்டே பின்னால் நடப்பான்.

ஆகவே கேட்டவர்களே, தன் பெருமையை ஊருக்கெல்லாம் முழக்குகிறவனுக்குத் தன் சொந்தப் பிள்ளை இருக்கும் இடத்தைச் சொல்லும் சின்னச் சத்தம் காதில் விழாது.