முப்பத்தொரு வினாடி

திருநெல்வேலியில் ஒரு கண் மருத்துவமனை. விழித்திரைப் பிரிவுக்குப் பொறுப்பு டாக்டர் குமுதவல்லி. அவரிடம் பயிற்சிக்கு வந்தவர் டாக்டர் ரியாஸ். வயதில் இருவருக்கும் நான்கு வருட வித்தியாசம்தான். ஆனாலும் குமுதவல்லி உள்ளே வந்தால் ரியாஸ் எழுந்து நிற்பார்.

கண்ணின் இரத்தக் குழாய்களைப் படம் எடுப்பதில் ரியாஸுக்கு நல்ல கை இருந்தது. கையில் ஓடும் இரத்தக் குழாயில் மஞ்சள் சாயத்தை ஊசியால் ஏற்றுவார்கள். சாயம் இரத்தத்தோடு கலந்து கண்ணுக்குப் போகும். நீல ஒளி பட்டதும் பச்சையாய் ஒளிரும். கறுப்புத் திரையில் குழாய்கள் ஒவ்வொன்றாகக் கிளை விட்டு எரியும். அந்த நேரத்தில் ரியாஸ் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை சுடலைமுத்து என்பவர் வந்தார். பள்ளி வேன் ஓட்டுபவர். வயது ஐம்பத்தெட்டு. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய்.

"வெயில்ல போனா இடது கண்ணு மங்குது சார். நிழலுக்கு வந்தா கொஞ்ச நேரத்துல சரியாயிருது."

ரியாஸ் படம் எடுத்தார். பார்த்தார்.

"சர்க்கரையால வந்த சின்னக் கோளாறுதான். பயப்பட ஒண்ணுமில்ல. மாத்திரையை மட்டும் விடாமச் சாப்பிடுங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க."

சுடலைமுத்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்குக் குமுதவல்லி முந்தின நாள் படங்களைப் பார்க்க உட்கார்ந்தார். ரியாஸ் பக்கத்தில் நின்றார். சுடலைமுத்துவின் படங்கள் வந்தன. இருபத்துநான்கு படங்கள். எல்லாமே பளிச்சென்று இருந்தன.

குமுதவல்லி குழாய்களைப் பார்க்கவில்லை. முதல் படத்தின் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தார். சாயம் ஏற்றிய நொடியிலிருந்து கேமரா எண்ணிக்கொண்டுவரும் எண் அது.

"முப்பத்தொரு வினாடி."

"ஆமாம் மேடம்."

"இதற்கு முன்னால் எடுத்தவை எங்கே?"

"அவற்றில் ஒன்றும் இல்லை மேடம். வெறும் கறுப்பு. அழித்துவிட்டேன்."

"எத்தனை?"

"பதினெட்டு இருக்கும். ஊசி போடுவதில் தாமதம் ஆகியிருக்கும் என்று நினைத்தேன்."

"கேட்டீர்களா?"

"இல்லை மேடம்."

ஊசி போட்டவர் சிஸ்டர் புஷ்பலீலா. குமுதவல்லி அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"தாமதம் எல்லாம் இல்ல மேடம். நரம்பு ஒரே குத்துல கிடைச்சிது. நான் மருந்தைத் தள்ளிக்கிட்டே 'ஸ்டார்ட்'னு சொன்னேன். சார் உடனே பட்டனை அழுத்தினாங்க."

சிஸ்டர் போனதும் குமுதவல்லி ரியாஸின் பக்கம் திரும்பினார்.

"கையிலிருந்து கண்ணுக்குச் சாயம் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் குமுதவல்லி.

"பத்து... பதினைந்து வினாடி."

"இவருக்கு?"

ரியாஸ் மூலையில் இருந்த எண்ணை மறுபடி பார்த்தார். சாயம் தாமதமாக ஏறவில்லை. தாமதமாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. வழியில் எங்கோ அடைப்பு. கண்ணுக்குப் போகும் இரத்தம் கழுத்து வழியாகத்தான் போக வேண்டும். மூளைக்குப் போவதும் அதே வழிதான்.

"வெயிலில் கண் மங்குகிறது என்றார் மேடம்," என்றார் மெல்ல. "வெளிச்சத்தில் கண்ணுக்கு அதிக இரத்தம் வேண்டும். அது போய்ச் சேரவில்லை. கழுத்துக் குழாய்."

குமுதவல்லி தலையசைத்தார்.

ரியாஸ் சுடலைமுத்துவின் எண்ணுக்குப் போன் செய்தார். மணி அடித்து நின்றது. மறுபடி செய்தார். எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் இரண்டே முக்கால். பள்ளி விடுவது மூன்றரைக்கு.

குமுதவல்லி எழுந்து வெளியே போனார். மயக்க மருத்துவரிடமிருந்து ஒரு ஸ்டெதஸ்கோப் வாங்கிவந்து ரியாஸின் கையில் வைத்தார்.

"என் கார் கீழே நிற்கிறது."

"நீங்களும் வருகிறீர்களா மேடம்?"

"இல்லை."

நோயாளிச் சீட்டில் எழுதியிருந்த பள்ளி பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ரியாஸ் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சுடலைமுத்து ஓட்டுநர் இருக்கையில் இருந்தார்.

"டாக்டர் சார்! இங்க என்ன?"

"கொஞ்சம் இறங்குங்க. கழுத்தைப் பாக்கணும்."

வேன் நிழலில் வைத்து ரியாஸ் அவர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். வலது பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. இடது பக்கம், ஒவ்வொரு துடிப்புக்கும், டியூபில் காற்றுக் கசிவது போல ஒரு சத்தம்.

"சாவியைக் குடுங்க. நீங்க இப்ப வண்டி ஓட்டக் கூடாது."

"ஏன்?"

"மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு இருக்குற மாதிரி தெரியுது. எப்ப வேணா பக்கவாதம் வரலாம்."

சுடலைமுத்து வேனைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே பதினான்கு பிள்ளைகள்.

"நேத்து பயப்பட ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே சார்?"

படிக்கட்டில் நின்ற ஆயாவும் ரியாஸைப் பார்த்தார். படங்களை இன்று மறுபடி பார்த்த பிறகுதான் தெரிந்தது என்று சொல்லலாம். மேடம் அனுப்பினார்கள் என்று சொல்லலாம். இரண்டும் வாய்வரை வந்தன.

"தப்பாச் சொல்லிட்டேன்," என்றார் ரியாஸ். "நேத்தே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். பாக்க வேண்டியதை நான் பாக்கல."

சுடலைமுத்துவின் முகம் சிவந்தது. பிறகு சாவியை உருவி ஆயாவிடம் கொடுத்தார்.

"புள்ளைங்கள யாரு கொண்டுபோய் விடுவா? கடைசி புள்ள வீடு ஆறு கிலோமீட்டர்."

தலைமையாசிரியை வீடு வீடாகப் போன் செய்தார். கடைசிப் பிள்ளையின் தாத்தா சைக்கிளில் வந்து கூட்டிப்போகும்வரை சுடலைமுத்து நகர மறுத்தார். ரியாஸும் கூடவே நின்றார். பிறகு இருவரும் ஒரே காரில் நகரத்துக்கு வந்தார்கள்.

அன்று மாலையே ஸ்கேன் எடுத்தார்கள். இடது கழுத்துக் குழாயில் பத்தில் ஒன்பது பங்கு அடைபட்டிருந்தது. வேறொரு மருத்துவமனையில், நான்காம் நாள் அறுவை சிகிச்சை நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. இடது கண்ணின் மங்கல் முழுதாகத் தீரவில்லை. வேன் ஓட்டும் வேலையை விட்டுவிட்டார். அதே பள்ளியில் வாசல் காவலுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, வெளிநோயாளிகள் எல்லாரும் போன பிறகு, ரியாஸ் குமுதவல்லியின் அறைக்கு வந்தார்.

"மேடம், ஒன்று கேட்கலாமா?"

"கேளுங்கள்."

"அன்று உங்களுக்கு வேறு வேலை இல்லை. காரும் உங்களுடையது. நீங்கள் வந்திருந்தால் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. ஏன் வரவில்லை?"

குமுதவல்லி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நான் வந்திருந்தால், 'நேற்று வேறு மாதிரி சொன்னீர்களே' என்று அவர் யாரிடம் கேட்டிருப்பார்?"

"உங்களிடம் மேடம்," என்றார் ரியாஸ். "நான் பின்னால் நின்றிருப்பேன்."