மாவு வாயடைத்துப்போன கதை

அந்தக் காலத்தில் ஆடு, மாடு, காக்கை மட்டுமல்ல, பிசைந்த மாவும் பேசும். ஊர்க்கதை பேசினாலாவது பரவாயில்லை. பிசைகிறவள் மனதில் என்ன ஓடுகிறதோ, அதை அப்படியே போட்டு உடைத்துவிடும். ஒரு பெரிய வீட்டு விருந்தில், "இந்தக் கூட்டம் எப்பத்தான் கெளம்புமோ" என்று மாவு உரக்கச் சொல்ல, வந்தவர்கள் கை நனைக்காமலே எழுந்து போனார்களாம். அதனால் பெண்கள் எதையும் நினைக்காமல் பிசையப் பழகியிருந்தார்கள். பிசைந்த கையோடு தட்டிச் சுட்டும் விடுவார்கள். அந்த ரொட்டி ஓடு மாதிரி இருக்கும். பல் ஆடுகிறவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

மலையடிவாரத்தில் வேலாத்தா என்றொருத்தி இருந்தாள். கணவன் இல்லை. ஒரே மகள் நாச்சி. ஆற்றங்கரை ஊர்க்காரன் ஒருவனை நாச்சி தானே விரும்பிக் கட்டிக்கொண்டாள். ஆனால் புகுந்த வீட்டுக்குப் போகத்தான் முடியவில்லை. கிளம்பும் நேரத்தில் வேலாத்தா ஒரு முறை இருமினாள், பயணம் நின்றது. இன்னொரு முறை கண்ணைத் துடைத்தாள், அதுவும் நின்றது. இந்தத் தடவை மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: வண்டி வரும், பெண் ஏறாவிட்டால் இனி வண்டி வராது.

புறப்படுகிற பெண் தாய் பிசைந்த ரொட்டியைத் தின்றுவிட்டுத்தான் படி இறங்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். பிசையும்போது எதிரில் உட்கார்ந்து அவள்தான் தண்ணீர் வார்க்க வேண்டும். மாவு வாயைத் திறந்தால் நாச்சி போகமாட்டாள். போகாவிட்டால் அவள் வாழ்க்கை என்னாவது?

வண்டி வரும் நாள் காலையில் வேலாத்தா கோதுமை மாவைக் குவித்துக் குழி பறித்தாள். நாச்சி தண்ணீர் வார்த்தாள். வேலாத்தா கூரையை நினைத்தாள், ஆட்டுக்குத் தழை ஒடிப்பதை நினைத்தாள். மாவு திரண்டு வரும்போது நாச்சியின் வளையல் குலுங்கியது. அவ்வளவுதான், நினைப்பெல்லாம் எங்கோ போய்விட்டது.

மாவு வாயைத் திறந்தது. "போவா..."

வேலாத்தா தோளில் கிடந்த ஈரத்துணியை எடுத்துச் சட்டென்று அதன்மேல் போட்டு மூடினாள்.

"என்னம்மா சொல்லுச்சு?" என்றாள் நாச்சி.

"உப்புப் பத்தலையாம். நீ போயி மூட்டையக் கட்டு, கண்ணு."

நாச்சி உள்ளே போனாள். துணிக்குள் மாவு முனகியது. 'போவாதே சாமி, நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா' என்று அது சொல்லத் துடிப்பது வேலாத்தாவின் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அவள் கையை எடுக்கவில்லை. அடுப்புச் சூடு பக்கத்தில் தகித்தது. சுடவும் பயம், திறக்கவும் பயம். எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாளோ, முனகல் அடங்கிவிட்டது. ஆனால் கைக்குக் கீழே துணி எழும்பிக்கொண்டே வந்தது. சொல்ல முடியாததை எல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டு மாவு பொங்கியது.

வாசலில் வண்டிமாட்டின் சலங்கை கேட்டது.

வேறு வழியில்லாமல் துணியை விலக்கினாள். மாவு இரண்டு மடங்கு பெருத்துக் கிடந்தது. விரலால் தொட்டாள், பெருமூச்சு மட்டும் வந்தது. வட்டமாகத் தட்டி, மேலே வெங்காயமும் பூண்டும் தூவி, ஆட்டுப்பாலைத் திரித்து வடித்த கட்டியை உதிர்த்துப் போட்டு, சுடுகல்லில் வைத்தாள். விளிம்பெல்லாம் உப்பிக்கொண்டு ரொட்டி வெந்து வந்தது.

நாச்சி ஒரு துண்டைப் பிய்த்தாள். "இதென்னம்மா, பஞ்சாட்டம் இருக்குது? உள்ளே ஒரே ஓட்டையா இருக்குது?"

"காத்து, கண்ணு. வெறும் காத்து."

நாச்சி மென்று தின்றாள். லேசாகப் புளிக்கிறது என்றாள். மீதியை முந்தானையில் முடிந்துகொண்டு வண்டி ஏறினாள். அவளுக்கு விஷயம் புரிந்ததா இல்லையா என்று கதை சொல்கிறவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். புரியாமல் போனதே நல்லது என்பது என் கட்சி. வண்டி மறையும் வரை வேலாத்தா சிரித்த முகமாக நின்றாள். பிறகு உள்ளே வந்து, அந்த ஈரத்துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

மாவு அதற்குப் பிறகு யார் வீட்டிலும் பேசவில்லை. அன்று முதல்தான், பிசைந்த மாவை ஈரத்துணி போட்டு மூடிக் கதகதப்பான இடத்தில் தனியே விடுகிறோம். அதுவும் வாய் திறக்காமல் பொங்குகிறது. பிள்ளைகள் கேட்டார்கள் என்று வீட்டிலேயே பீட்சா செய்கிறீர்களே, அதன் விளிம்பைப் பிய்த்துப் பாருங்கள். உள்ளே ஓட்டை ஓட்டையாக இருப்பதெல்லாம், ஒரு தாய் தன் மகளிடம் சொல்லாமல் விட்ட வார்த்தைகள்.