பேனலுக்குப் பூசை போட்ட மதினி

ஒரு ஊர்ல ஒரு கரடு. கரடுன்னா தெரியும்ல? மலையா வளரலாம்னு கிளம்பி, பாதியிலயே மூச்சு வாங்கி உக்காந்துட்ட மாதிரி பாறையும் முள்ளுமா கிடக்கும். அது உச்சியில ஒத்தையா ஒரு வீடு. அந்த வீட்டுக்குக் கரண்டுக் கம்பியே கிடையாது. கம்பம் நட வந்தவங்க பாறையில கடப்பாறையப் போட்டாங்க, ணங்குனு தெறிச்சு திரும்பி வந்துச்சு. அவங்களும் திரும்பிப் போயிட்டாங்க.

அப்போ லைட்டு எப்படி எரியும்னு கேக்குறியா? சோலாரு! கூரை மேல கறுப்புக் கண்ணாடியா பெரிய பெரிய பேனல் படுத்திருக்கும். வெயிலை மடக்கு மடக்குனு குடிச்சு, கீழ பேட்டரியில சேத்து வைக்கும். லைட்டு, பேனு, ரேடியோ எல்லாம் அதுலதான் ஓடுது. ம் போடு ராசாத்தி.

அந்த வீட்டுல சங்கிலி, அவன் பொண்டாட்டி முத்துப்பேச்சி, ரெண்டே பேரு. பேச்சிகிட்ட ஒரு செவலைக் கோழி இருந்துச்சு. அவ கல்யாணமாகி வரும்போது அம்மா வீட்டுல இருந்து கூடையில கொண்டு வந்த கோழியோட பேத்தி அது. அது அடை உக்காந்திருந்தப்போ கீரி வந்து, லபக்! அய்யோ, ஒரு இறகுதான் மிச்சம். முட்டை மட்டும் சூடு ஆறாம அப்படியே கிடந்துச்சு.

பேச்சி அழுதுகிட்டே என்ன பண்ணா? குஞ்சு பொரிக்கிற பெட்டி ஒண்ணு வாங்கி, முட்டைய அதுல வச்சா. உள்ள சின்ன பல்பு எரியும், கோழி வயிறு மாதிரியே கதகதன்னு இருக்கும். அந்த வம்சத்துல இனி அந்த முட்டைங்கதான். சூடு போச்சுன்னா எல்லாம் போச்சு. அதனால தினம் காலையில எந்திரிச்சதும் பேனலைத்தான் ஈரத்துணியால துடைப்பா, அப்புறந்தான் பல்லே விளக்குவா.

அப்போ ஆயுத பூசை வந்துச்சு. சங்கிலியோட அக்கா, பேரு வெயிலுகந்தா, ஊர்ல இருந்து வந்தா. பேச்சிக்கு மதினி முறை. பூசைன்னா அவளுக்கு உசுரு. கோழின்னா ஆகாது. எச்சத்தை மிதிச்சுட்டா தலைக்குக் குளிக்கிற ஆளு.

"ஏ பேச்சி, நீ அடுப்படியில சுண்டலைப் பாரு. சாமானுக்கெல்லாம் நான் பொட்டு வைக்கேன்"னா.

வச்சா பாரு! அருவாளுக்கு, மம்பட்டிக்கு, திருப்புளிக்கு, டார்ச்சு லைட்டுக்கு, ஏணிக்கு. இப்படித்தான் என் சித்தப்பா மகன் ஒருத்தன் மிக்சிக்கு மாலை போட்டான். மறுநாள் மாலையக் கழட்டாம சட்னி அரைச்சான், சர்ர்ருனு வீடு பூரா சாமந்திப் பூ! மூக்குல ரெண்டு, முதுகுல நாலு. ஏய், சிரிச்சுத் தூக்கத்தைக் கெடுத்துக்காத. எங்க விட்டேன்? ம், பூசை.

பூசை முடிஞ்சுது, பொரி தின்னாங்க. உச்சி தாண்டுன நேரம் பேனு டொர்ர்... டொர்... டொ... நின்னுருச்சு. பேச்சி அடுப்படியில இருந்து ஓடியாந்தா. "என்னய்யா இது, வெயில் சுள்ளுனு அடிக்கு, பேனு நிக்குது?"

சங்கிலி ஓடிப்போயி பேட்டரிக்குத் தண்ணி ஊத்துனான். ம்ஹூம்.

அப்புறம் ரேடியோ கொர்ருனு இழுத்து செத்துப் போச்சு. "வயரு லூசாயிருக்கும். திருப்புளிய எடு"ன்னான் சங்கிலி.

"தொடாதல!" மதினி குறுக்க வந்து நின்னா. "பூசையில இருக்கு. நாளைக்குப் பூசை பிரிச்சாத்தான் எடுக்கணும். இன்னைக்கு ஆயுதத்துக்கெல்லாம் ஓய்வு."

பாவம், நகத்தாலயே திருகுனான். நகம் பேந்ததுதான் மிச்சம்.

அப்புறம் கீங்... கீங்... கீங்னு பெட்டி கத்த ஆரம்பிச்சுது. உள்ள பல்பு மின்மினி மாதிரி மினுக்குது. பேச்சி ஓடிப்போயி குனிஞ்சு பாத்தா. "அய்யோ, இன்னைக்கு நாளைக்குள்ள பொரிக்க வேண்டிய முட்டையாச்சே!" ஏணியும் பூசையில. சேலைய வரிஞ்சு கட்டிக்கிட்டு வேப்பமரத்துல ஏறுனா, சரக் சரக்குனு. கூரைய எட்டிப் பாத்தா...

"ஆத்தீ!"

கத்துன கத்துல கரட்டுக் கொக்கெல்லாம் பறந்துச்சு. என்ன தெரியுமா? கூரை மேல சாமி சாமியா மல்லாக்கப் படுத்து அவளையே முழிச்சுப் பாக்குது! ஒவ்வொரு பேனல்லயும் இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் மூணு பட்டை விபூதி. நடுவுல தோசை மாதிரி சந்தனம். அது மேல வடை மாதிரி குங்குமம். மேல பொரி வேற, அதைத் தின்ன வந்த காக்கா அதும் பங்குக்கு வெள்ளையடிச்சுட்டுப் போயிருக்கு.

"மதினி! யாரு வச்சது இதை?"

"நாந்தான். வீட்டுக்கே சோறு போடுற சாமானு, அதுக்குக் கடுகு மாதிரியா பொட்டு வைப்பாக?"

"கண்ணை மறைச்சா அது எப்படி வெயிலைக் குடிக்கும்? நான் துடைக்கப் போறேன்."

"துடைச்சே, நான் இந்த வீட்டு வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன்! பூசை போட்டதை அன்னைக்கே அழிச்சா குடும்பத்துக்கு ஆகாதுடி."

சங்கிலி பாவம், அக்காவைப் பாப்பானா, பொண்டாட்டியப் பாப்பானா? வானத்தைப் பாத்தான். அங்க மேகம் கூடுது.

அப்போ பேச்சி மரத்துல இருந்து இறங்குனா. பெட்டியத் திறந்து ஒரு முட்டைய எடுத்து, மதினி காதுல வச்சா.

சீச்சீன்னு தள்ளப் போனவ, அப்படியே சிலையா நின்னுட்டா.

டொக்... டொக்... கிச்.

"அடியே... உள்ள யாரோ கதவைத் தட்டுறாகடி!"

கண்ணு ரெண்டும் முட்டை அளவுக்கு விரிஞ்சுபோச்சு. சாமி மாடத்தைப் பாத்தா, முட்டையப் பாத்தா. விடுவிடுன்னு போயி, பொட்டு வச்ச ஏணியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, அதையே தூக்கிச் சாத்தி, தானே ஏறிட்டா! சங்கிலி வாயில ஈ போனது கூடத் தெரியாம நிக்கான். "சாமி, கோவிச்சுக்காத, கண்ணைத் தொறந்து விடுதேன்"னு முந்தானையை நனைச்சு சளக் புளக்குனு துடைச்சா. பேனலு பளபளன்னு ஆச்சு.

ஆனா பாரு, அதுக்குள்ள பொழுது சாஞ்சு, சூரியன் மேகத்துக்குள்ள போயி, அப்படியே கரட்டுக்குக் கீழ இறங்கிட்டான். பெட்டியில பல்பு மினுக்குனு அணைஞ்சே போச்சு.

பேச்சி தலையில கைவச்சு உக்காந்துட்டா. "போச்சு மதினி, என் அம்மா வீட்டு வம்சம் இன்னையோட போச்சு."

மதினி என்ன செஞ்சா தெரியுமா? நீ நம்பவே மாட்ட. நடுவீட்டுல சம்மணம் போட்டு உக்காந்தா. மடியில பஞ்சுச் சேலைய விரிச்சா. "கொண்டாடி முட்டைய"ன்னா.

"மதினி! நீங்களா?"

"ஆயுதத்துக்குத்தானே இன்னைக்கு ஓய்வு? என் மடிக்கு யாரும் பொட்டு வைக்கலையே."

முட்டை எல்லாத்தையும் வயித்தோட அணைச்சு, கம்பளியப் போத்திக்கிட்டு உக்காந்தவதான். இருமக்கூட இல்ல. சங்கிலிதான் அக்காவுக்குத் தோசையப் பிச்சுப் பிச்சு ஊட்டுனான். "மெல்ல ஊட்டுல, முட்டை குலுங்குது"ன்னு அவனுக்கு வசவு வேற.

விடிஞ்சுது. "அய்யோ! என்னமோ ஓடுது, என்னமோ ஓடுது!"ன்னு மதினி அலறுற சத்தம். ஓடியாந்து பாத்தா, கம்பளிக்குள்ள இருந்து ஒரு தலை. கீச்! அப்புறம் இன்னொரு தலை. கீச் கீச்! ஈரமும் ஓடுமா, செவலையும் மஞ்சளுமா, மடி பூரா குஞ்சு. பேச்சி சிரிக்கா, அழுறா, மதினி காலைக் கட்டிக்கிடுதா.

"சரி சரி, எந்திரி. சேலை பூரா எச்சம், நான் குளிச்சு பஸ்ஸுக்குப் போகணும்"னா மதினி. ரெண்டு நாள் கழிச்சுப் போகலாம்னாலும் கேக்கலை. குளிச்சு, பையத் தூக்கிக்கிட்டு கரட்டுல இறங்குனா. பின்னாடி என்னமோ சத்தம். கீச் கீச் கீச். திரும்புனா, அம்மாடி! குஞ்செல்லாம் வரிசை கட்டி, கல்லுல உருண்டு, முள்ளுல புரண்டு அவ பின்னாடியே வருது!

"போங்க, பேச்சி ஆத்தாகிட்டப் போங்க!"

எல்லாம் நின்னு, கழுத்தைச் சாய்ச்சு, அவ மூஞ்சியையே பாக்குது. கண்ணு முழிச்சதும் பாத்த மூஞ்சி அதுதானே?

கீழ ரோட்டுல பஸ்ஸு பாம் பாம்னுது. மேல இருந்து பேச்சி, "மதினி, பஸ்ஸு போயிரும்!"னு கத்துறா.

மதினி பையக் கீழ வச்சா. பாதையிலயே சம்மணம் போட்டு உக்காந்து, புதுச் சேலை மடிய விரிச்சா. குடுகுடுன்னு எல்லாம் ஏறிக்கிச்சு. "போனா போகட்டும்டி! நீ மொதல்ல பேனலைத் துடை, பிள்ளைக குளிர்ல நடுங்குது"ன்னா.

குஞ்செல்லாம் மடிக்குள்ள, வெயிலெல்லாம் பேட்டரிக்குள்ள, நீ என் சேலைக்குள்ள. கதை அடைஞ்சாச்சு, கண்ணை மூடு.