மூடிய பங்கர்

இந்தக் கதையில் கெட்டவர் ஒருவரும் இல்லை. தீர்ப்புச் சொல்வது கடினமாக இருப்பதும் அதனால்தான்.

வன்னியில் ஒரு சிறு கிராமம். போர் முடிந்து ஐந்து வருடம். மீள்குடியேறி வந்த யோகமலரின் வளவில் பழைய பங்கர் ஒன்று, ஷெல்லுக்குப் பதுங்கும் குழி, அப்படியே இருந்தது. மேலே பனங்குற்றிகள், அதன் மேல் மண்மூட்டைகள். அவள் தினமும் உள்ளே இறங்கிக் கூட்டுவாள். தண்ணீர்ப் போத்தலும் ஒரு பிஸ்கற் பக்கற்றும் எப்போதும் அதற்குள் இருக்கும்.

கடைசிச் சண்டை நாட்களில் ஷெல் விழுந்தபோது, கைக்குழந்தையோடு அவள் இதைப் போன்ற ஒரு பங்கருக்குள் இருந்தாள். மூத்த மகன் வாசலுக்கு இரண்டு முழம் வெளியே நின்றான். உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள்.

அன்று கைக்குழந்தையாக இருந்த அபிசனாவுக்கு இப்போது ஆறு வயது. இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. பங்கரிலிருந்து கிணறு வரைக்கும்தான் அவளுக்கு அனுமதி. “அங்கால போனா ஓடி வந்து சேரமாட்டாள்” என்பாள் யோகமலர்.

கணவன் கருணாநந்தன் கடைசிச் சண்டை நடந்த காலத்தில் கட்டாரில் வேலை செய்தவன். திரும்பி வந்து இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்தான். மகளை ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான். பாதி வழியில் யோகமலர் வீதியில் மயங்கி விழுந்தாள். அதன் பிறகுதான் மாதம் ஒருமுறை மனநல கிளினிக்குக்குக் கூட்டிப்போகத் தொடங்கினான்.

அங்கே டொக்டர் அவளிடம் நிறையக் கேட்கவில்லை. “நீங்களாகச் சொல்லும்வரை அந்தப் பங்கரை ஒருத்தரும் மூடமாட்டினம், அம்மா. அதுக்கு நான் பொறுப்பு” என்றார். அன்றிரவு அவள் நான்கு மணி நேரம் தொடர்ந்து நித்திரை கொண்டாள். டொக்டர் இதைச் சொன்னபோது கருணாநந்தன் வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் யாரும் சொல்லவில்லை.

யோகமலரின் அண்ணன் இராசகுலனும் அதே வளவில்தான் இருந்தான். இயக்கத்தில் பங்கர் வெட்டும் அணியில் இருந்தவன். கடைசி வாரங்களில் வெட்டிய குழிகளிலேயே ஆட்களைப் புதைக்கவும் வேண்டியிருந்தது. புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்தபின் வீடுகளுக்குப் பெயின்ற் அடித்துச் சீவித்தான். மண்வெட்டியைத் தொடமாட்டான். வாழைக்குப் பாத்தி கட்டவும் வேறு ஆள்தான் வரவேண்டும்.

ஒரு கிளினிக் நாளில் கருணாநந்தன் தான் வரவில்லை என்றான். தாயையும் மகளையும் இராசகுலன் பஸ்ஸில் கூட்டிப்போனான். அவர்கள் திரும்பியபோது பங்கர் இருந்த இடம் மட்டமாக இருந்தது. உழவு இயந்திரத்தில் மண் கொண்டுவந்து கருணாநந்தன் மூடிவிட்டான்.

“உள்ளுக்குப் பாம்பு கிடந்தது, மலர். பிள்ளையும் அடுத்த மாதம் பள்ளிக்கூடம் போகவேணும்” என்றான்.

பின்னேரம் வானம் இருண்டு முதல் இடி விழுந்ததும், யோகமலர் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்த இடத்துக்கு ஓடினாள். ஒரு கையால் மண்ணை விறாண்டினாள். நகம் கிழிந்து இரத்தம் வந்தது.

“இடிதான் மலர்! வெறும் இடி!” என்று கருணாநந்தன் அவளைப் பிடித்திழுத்தான். அவள் கேட்கவில்லை.

இராசகுலன் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மண்வெட்டியை எடுத்தான்.

“மச்சான், வேண்டாம். பழையபடி ஆக்காதை!”

“அவளின்ர கையைப் பார்” என்றான் இராசகுலன்.

மழை கொட்டியது. ஒரு மணி நேரத்தில் குழி நெஞ்சளவு ஆனது. “இறங்கு மலர்” என்று சொன்னவன் தானே அதற்குள் குந்திவிட்டான். மண்வெட்டிப் பிடியை அவன் கைகளால் விடமுடியவில்லை. வாய் யார் யாருடைய பெயர்களையோ சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் தலை குனிந்தான்.

யோகமலர் அதைப் பார்த்தாள். மகளைக் கணவனின் கையில் கொடுத்தாள். தான் மட்டும் குழிக்குள் இறங்கினாள்.

“அண்ணா, எழும்புங்கோ. இதுக்குள்ள ஒருத்தரும் இல்லை.”

அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தோளைப் பிடித்து மேலே கொண்டுவந்தாள். இடி அப்போதும் இடித்துக்கொண்டுதான் இருந்தது.

இப்போது சொல்லுங்கள். மகளுக்காக மூடிய கருணாநந்தனா, தங்கைக்காக மறுபடி வெட்டிய இராசகுலனா, மூடமாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்த டொக்டரா? இதில் யார் செய்தது சரி?

விடை: டொக்டர் சொன்னது நல்ல சொல். ஆனால் மண்ணை நிரப்பக்கூடிய மனிதன் வெளி வாங்கில் இருந்தான். வாக்கு அவனுக்குப் போய்ச் சேரவில்லை. கருணாநந்தனின் காரணம் நியாயமானது. ஆனாலும் அவள் இல்லாத நாளைத் தேடி எடுத்தானே, அங்கேதான் அவன் தவறினான். இராசகுலன் எது நல்லது என்று யோசிக்கவில்லை; இரத்தம் வருகிற கையைப் பார்த்தான், தன்னால் முடியாததைச் செய்தான். சரி என்றால் அவன் செய்ததுதான். ஆனால் குழி யோகமலரைக் காப்பாற்றியது என்று எண்ணிவிடாதீர்கள். ஐந்து வருடத்தில் முதல்முறையாக, இடி இடிக்கும்போது அவள் பிள்ளையைக் குழிக்கு வெளியே விட்டுவிட்டு இறங்கினாள். அண்ணனைத் தூக்கவேண்டி இருந்ததால், தான் பயந்தவள் என்பதை அவள் சற்று மறந்துபோனாள். இதை மூவரில் ஒருவரும் திட்டமிடவில்லை. தை மாதம் அபிசனா முதலாம் வகுப்பில் சேர்ந்தாள். யோகமலர் பள்ளிக்கூட மதிலோரம் மணி அடிக்கும்வரை இருக்கிறாள். அடுத்த கிளினிக்குக்கு இரண்டு பதிவுத் துண்டு எழுதினார்கள். ஒன்று இராசகுலனின் பெயரில்.